பரிந்துரைக்கும் நூல் எந்தப் பதிப்பு என்பதையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பின் நூல் பரிந்துரைப் பகுதியில் கர்ப்பகால வழிகாட்டி, காதல் நாவல், விவிலிய விளக்கம் எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல் வருகின்றன: நூலின் பெயர், ஆசிரியர், விலை, இரண்டு வரிப் பாராட்டு. அதைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர் கையில் எது வந்து சேரும் என்பது அந்த இரண்டு வரியில் இல்லாத விவரங்களில்தான் இருக்கிறது. எந்த ஆண்டுப் பதிப்பு, யார் மொழிபெயர்த்தது, முழு நூலா சுருக்கமா என்ற மூன்றையும் சேர்த்துப் போட இன்னும் ஒரே ஒரு வரி போதும். அந்த ஒரு வரியைக் கேட்டுத்தான் இந்தக் கடிதம்.

நம் பதிப்புலகில் ‘பதிப்பு’ என்ற சொல் இரண்டு வேலை பார்க்கிறது. ஆசிரியர் உட்கார்ந்து திருத்தி எழுதியதும் பதிப்புதான். கையிருப்பு தீர்ந்ததும் அதே பக்கங்களை அச்சகத்துக்கு அனுப்பி மேலும் ஆயிரம் படி அடித்ததும் பதிப்புதான். ‘பதினைந்தாம் பதிப்பு’ என்று அட்டையில் பெருமையாகப் போட்டிருக்கும். உள்ளே முதற்பதிப்பின் எழுத்துப் பிழைகூட மாறியிருக்காது. தலைப்புப் பக்கத்தின் பின்பக்கத்தைத் திருப்பி ‘திருத்திய’, ‘விரிவாக்கிய’ என்ற சொற்களில் ஒன்றாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தாலும் போதாது. உண்மையாகத் திருத்தியவர் எதை மாற்றினேன் என்று முன்னுரையில் நாலு வரியாவது எழுதியிருப்பார். ‘திருத்திய பதிப்பு’ என்று போட்டுவிட்டு முன்னுரைக்குக் கீழே முப்பது வருடத்துக்கு முந்தைய தேதி மட்டும் இருந்தால், திருத்தம் அட்டைப்படத்தோடு நின்றுவிட்டது என்று கொள்ளலாம்.

நாவலுக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை. கர்ப்பகால நூலில் இது விளையாட்டு விஷயம் அல்ல. கடையில் நின்றபடியே ஐந்து நிமிடத்தில் சோதித்துவிட வழி உண்டு. முதலில் தாய்ப்பால் அத்தியாயம். ‘நான்கு மாதம் முடிந்ததும் பழச்சாறு, கஞ்சி தொடங்கலாம்’ என்று இருந்தால் அந்தப் பக்கம் 2001-க்கு முந்தைய அறிவில் எழுதியது. நான்கிலிருந்து ஆறு மாதம் என்று இருந்ததை, முழுதாக ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் மாற்றியது அந்த ஆண்டுதான். அடுத்து மகப்பேறு விடுப்பு. 12 வாரம் என்று மட்டும் எழுதியிருந்தால் 2017 சட்டத் திருத்தம் அந்த நூலுக்குத் தெரியாது. இப்போது முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், அதற்கு மேல்தான் 12 வாரம். மூன்றாவதாக, கர்ப்பிணிகளுக்குப் போடும் ஊசி. இதில் தமிழ் எழுத்தே நம்மைக் கவிழ்க்கிறது. முன்பு போட்டது டெட்டனஸுக்கு மட்டுமான ஊசி. இப்போது போடுவது டெட்டனஸோடு டிப்தீரியாவும் சேர்ந்தது. இரண்டையும் தமிழில் ‘டி.டி.’ என்றே எழுதுகிறோம். டிப்தீரியா என்ற சொல் அந்தப் பக்கத்தில் எங்காவது இருக்கிறதா என்று தேடுவதுதான் வழி.

பரிசோதனை எத்தனை முறை என்பதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2016-ல் எட்டு முறை என்று சொன்னது: முதலாவது 12 வாரத்துக்குள், பிறகு 20, 26, 30, 34, 36, 38, 40-ஆம் வாரங்களில். நம் அரசுத் திட்டத்தின் கணக்கு, குறைந்தது நான்கு முறை. ஆகவே நான்கு என்று எழுதிய நூலை உடனே தள்ளிவிட வேண்டியதில்லை. ‘குறைந்தது’ என்ற சொல் அதற்கு முன்னால் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நாள் கணக்கு விளக்கும் பக்கத்தையும் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. கடைசி மாதவிடாயின் முதல் நாளோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்ட வேண்டும். ஜனவரி 10 என்றால் அக்டோபர் 17. இது 28 நாள் சுழற்சி உள்ளவர்களுக்கான கணக்கு என்பதையும் நூல் சொல்ல வேண்டும். வாரங்களை எண்ணுவதும் கரு உருவான நாளிலிருந்து அல்ல, அந்த முதல் நாளிலிருந்துதான். இதை விளக்காத நூலைப் படிப்பவர், ஸ்கேன் சீட்டில் இரண்டு வாரம் கூடுதலாக இருப்பதைக் கண்டு கலங்கிப் போகிறார். ‘பத்து மாதம் சுமந்து’ என்று நம் பாட்டிகள் சொல்வதைப் பாமரக் கணக்கு என்று சில நூல்கள் கேலி செய்கின்றன. 28 நாளை ஒரு மாதமாகப் பிடித்துப் பத்தால் பெருக்கினால் 280. மருத்துவர் சொல்லும் கணக்கும் அதே 280 நாள்தான்.

மாத்திரைப் பகுதியில் பெயரும் அளவும் மட்டும் இருந்தால் அது பாதி நூல். அரசு மருத்துவமனையில் தரும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, குறைந்தது 180 நாள். கூடவே கால்சியம் மாத்திரையும் தருவார்கள். இரண்டையும் ஒரே மடக்குத் தண்ணீரில் விழுங்கினால் கால்சியம் இரும்பை உடலில் சேரவிடாது. இரும்பு மாத்திரை போட்ட கையோடு டீயோ காபியோ குடித்தாலும் அதே கதை. நேரத்தைப் பிரித்துப் போடச் சொல்லும் நூல், மலம் கறுப்பாகப் போவது இயல்பு என்றும் சொல்லும் நூல், வாங்கத் தகுந்தது. அந்தக் கறுப்பைப் பார்த்துப் பயந்து பாதியில் நிறுத்துகிறவர்கள் ஏராளம்.

வெளிநாட்டு வழிகாட்டிகளின் மொழிபெயர்ப்பில் வேறு சிக்கல். சர்க்கரைப் பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க நூலில் முதலில் 50 கிராம் குளுக்கோஸ் குடித்து ஒரு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பது, அதில் கூடுதலாக வந்தால் வெறும் வயிற்றில் வரச்சொல்லி 100 கிராம் கொடுத்து மூன்று மணி நேரச் சோதனை என்று இருக்கும். நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடப்பது அதுவல்ல. சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ், இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம். 140-ஐத் தொட்டால் கர்ப்பகால நீரிழிவு. இந்த முறைக்கு வழிகாட்டியவர் சென்னையின் மருத்துவர் வி. சேஷய்யா, அவருடைய பிறந்த நாளான மார்ச் 10-தான் நாடு முழுவதும் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாள். மொழிபெயர்ப்பை மட்டும் படித்த பெண், ‘வெறும் வயிற்றில் எடுக்கவில்லையே, தப்பாகச் செய்கிறார்கள்’ என்று நர்ஸிடம் வாதாடுகிறார். தப்பு நர்ஸிடமும் இல்லை, அந்தப் பெண்ணிடமும் இல்லை. அடிக்குறிப்புப் போடாத மொழிபெயர்ப்பாளரிடம் இருக்கிறது. சர்க்கரை அளவு 7.8 என்று எழுதியிருந்தால் அது வேறு அலகு. 18-ஆல் பெருக்கினால் நம்முடைய 140 வரும். எடைக் கணக்கு பவுண்டில் இருந்தால் 2.2-ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும்.

‘வயிற்றின் வடிவத்தை வைத்து ஆணா பெண்ணா அறிய’ என்று ஓர் அத்தியாயம் இருக்கும் நூலை அங்கேயே மூடி வைத்துவிடலாம். குங்குமப்பூ சாப்பிட்டால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்பதும் அதே ரகம். ஸ்கேன் செய்து கருவின் பாலினத்தைச் சொல்வது 1994-ன் சட்டப்படி குற்றம் என்பதைச் சொல்லாமல், பாலினம் பற்றி மட்டும் பக்கம் பக்கமாகப் பேசும் நூல் வேறு எதையும் சரியாகச் சொல்லும் என்று நம்ப இடமில்லை.

இன்னொன்று: ஆபத்து அறிகுறிகள் ஒரே பக்கத்தில், எளிதில் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைதல், பார்வை மங்கலோடு கடும் தலைவலி, முகம் வீங்குதல், வலிப்பு, குழந்தையின் அசைவு குறைதல். ராத்திரி இரண்டு மணிக்கு ஒன்பது அத்தியாயங்களைப் புரட்டிக்கொண்டிருக்க யாராலும் முடியாது. இதில் காசு கொடுத்து வாங்கும் பல நூல்களைவிட அரசு இலவசமாகத் தரும் தாய் சேய் நல அட்டை மேல். பரிந்துரைப் பட்டியலில் அதற்கும் ஓர் இடம் கொடுங்கள். முதல் இடமே கொடுத்தாலும் குறைந்துவிடாது. கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது அரசு தரும் பிக்மி எண்ணை அந்த அட்டையில் எழுதி வைக்கவும் சொல்லுங்கள். பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போகும்போது கேட்பார்கள்.

காதல் கதைகளுக்கு வருவோம். மருத்துவமும் நாவலும் அப்படியொன்றும் தூரத்து உறவு அல்ல. ‘ஒரு காவிரியைப் போல’ நாவலுக்கு 1984-ல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற லக்ஷ்மி, தொழிலால் மருத்துவர். இங்கே பதிப்பு ஆண்டை விட முழுமைதான் முக்கியம். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனதால் ‘சிவகாமியின் சபதம்’ இன்று பல பதிப்பகங்களில், பல விலையில் கிடைக்கிறது. பரஞ்சோதி யாத்திரை, காஞ்சி முற்றுகை, பிக்ஷுவின் காதல், சிதைந்த கனவு என்று நான்கு பாகம். பொருளடக்கத்தில் இந்த நான்கு பெயரும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுக்க வேண்டும். ஒரே தொகுதியாக, கைக்கு அடக்கமாக, மலிவாக இருந்தால் ஒன்று அது சுருக்கம், அல்லது எறும்பு ஊர்வதுபோன்ற எழுத்து. மாமல்லனும் சிவகாமியும் பிரியும் துயரத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் படிப்பது கதைக்கும் நல்லதில்லை, கண்ணுக்கும் நல்லதில்லை.

ஆங்கிலக் காதல் நாவல்களின் தமிழாக்கத்துக்கு அத்தியாயத்தை எண்ணுவதுதான் சோதனை. ஜேன் ஆஸ்டின் 1813-ல் வெளியிட்ட ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ 61 அத்தியாயம் கொண்டது. தமிழில் இருபதோ இருபத்தைந்தோ இருந்தால் கையில் இருப்பது நாவல் அல்ல, கதைச் சுருக்கம். மொழிபெயர்ப்பாளர் பெயரே இல்லாத மொழிபெயர்ப்பை எங்கள் கருத்தில் பரிந்துரைக்கவே கூடாது. பெயர் போட விரும்பாதவர் எதையெல்லாம் விட்டுவிட்டார் என்று யாரைப் போய்க் கேட்பது?

மாத நாவல்களைத் தாழ்வாக எண்ணுகிறவர்கள் அல்ல நாங்கள். பேருந்து நிலையக் கடையில் வாங்கி ஊர் போய்ச் சேர்வதற்குள் முடிக்கிற அந்தப் புத்தகங்கள்தான் எத்தனையோ பெண்களை வாசிப்புக்குள் கொண்டுவந்தன. ஆனால் நாயகன் கன்னத்தில் அறைந்துவிட்டுப் பத்துப் பக்கத்தில் மனைவியைக் கட்டிப்பிடித்துக்கொள்வதை அன்பு என்று காட்டும் கதை என்றால், அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் பரிந்துரையுங்கள். பதினாறு வயதுப் பெண்ணுக்கு வாங்கிக் கொடுப்பவருக்கு அந்த ஒரு வரி தேவைப்படும்.

காதல் என்றதும் குறுந்தொகையைச் சொல்லாமல் போக முடியவில்லை. 401 பாடல்கள், நாலு முதல் எட்டு அடி. தினம் ஒன்று என்றால் ஒரு வருடமும் ஒரு மாதமும் ஓடும். இங்கே பதிப்பைத் தேர்வதற்கு ஒரே அடையாளம், பாட்டுக்கு மேலே ‘கூற்று’, அதாவது அதைச் சொல்வது யார் என்ற குறிப்பு, இருக்கிறதா என்பது. ‘நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று’ என்ற மூன்றாம் பாட்டு தலைவி சொல்வது. அதைத் தெரியாமல் படித்தால் காதலன் பெருமை பேசுவதாகத் தோன்றிவிடும். ‘யாயும் ஞாயும் யாரா கியரோ’ என்ற நாற்பதாம் பாட்டு தலைவன் கூற்று. முதலில் கூற்று, பிறகு பாட்டு, பிறகு பதவுரை, மறுபடி பாட்டு என்ற வரிசையில் படிக்கச் சொல்லுங்கள். உரையை முதலில் படிப்பவருக்குப் பாட்டு மிஞ்சாது. உ.வே.சாமிநாதையரின் 1937 பதிப்பில் பதவுரையோடு விரிவான குறிப்பும் உண்டு. புதிதாகத் தொடங்குகிறவருக்கு அது கனமாக இருக்கும். எளிய உரையோடு தொடங்கி, பிடித்த பாட்டுக்கு மட்டும் அதற்குப் போவது நல்லது.

விவிலியப் படிப்புக்கான நூல்களில்தான் பணம் அதிகமாக வீணாகிறது. காரணம் எளியது. தமிழில் பரவலாக இரண்டு விவிலியங்கள் புழங்குகின்றன. துணை நூல் எதுவானாலும் அவற்றில் ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கும். ஒன்று, ஹென்றி பவர் என்ற பாதிரியார் தலைமையில் 1871-ல் வந்த திருத்தத்தின் வழிவந்தது. சீர்திருத்தச் சபைகளில் ‘பரிசுத்த வேதாகமம்’ என்று கையிலிருப்பது. மற்றொன்று, 1995-ன் பொது மொழிபெயர்ப்பான ‘திருவிவிலியம்’. முதலாவதில் ஆதியாகமம், இரண்டாவதில் தொடக்க நூல். யாத்திராகமம் அங்கே விடுதலைப் பயணம். சங்கீதம் அங்கே திருப்பாடல்கள். அப்போஸ்தலர் நடபடிகள் அங்கே திருத்தூதர் பணிகள். சுருக்கக் குறியீட்டில் திருப்பாடல் ‘திபா’, திருத்தூதர் பணி ‘திப’. ஒரு கால் எழுத்து விட்டுப்போனால் தாவீதிடமிருந்து பவுலிடம் போய் நிற்க வேண்டியதுதான்.

பெயர் மட்டுமல்ல, வாசகமும் வேறு. ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்’ என்பது பழைய வேதாகமம். ‘ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை’ என்பது திருவிவிலியம். இரண்டும் அதே 23-ஆம் பாட்டின் முதல் வரி. பொதுவாக இருப்பது ‘என்’ ஒன்றுதான். ஒத்தவாக்கிய அகராதி, அதாவது ஒரு சொல் எந்தெந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் நூல், பழைய வேதாகமத்துக்காகச் செய்தது என்றால் அதில் ‘மேய்ப்பர்’ கிடைக்கும், ‘ஆயர்’ கிடைக்காது. திருவிவிலியம் வைத்திருப்பவர் இதை வாங்கினால் தேடித் தேடிக் களைத்து அலமாரியில் வைத்துவிடுவார். பரிந்துரைக்கும்போது ‘எந்த மொழிபெயர்ப்புக்கு உரியது’ என்ற மூன்று சொல் இருந்தால் இந்தச் செலவு மிச்சம்.

நூல்களின் எண்ணிக்கையும் வேறுபடும். சீர்திருத்தச் சபைகளுக்கு 66, கத்தோலிக்கருக்கு 73. கூடுதலான ஏழு, தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு. பழைய கத்தோலிக்க நூல்களை வைத்துப் படிப்பவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவற்றில் சங்கீத எண் பெரும்பாலும் ஒன்று குறைவாக இருக்கும். மேலே சொன்ன 23 அங்கே 22. எபிரேயத்தில் 9, 10 என்று இரண்டாக இருப்பதை கிரேக்க, லத்தீன் மரபு ஒன்றாக எண்ணியதால் வந்த வேறுபாடு. மேற்கோள் பொருந்தவில்லை என்று அச்சுப்பிழையைத் திட்டுவதற்கு முன் ஓர் எண் தள்ளிப் பார்க்கலாம்.

விளக்கவுரை தரமானதா என்று அறிய மூன்று இடங்களைத் திறந்தால் போதும். மாற்கு 16:9, யோவான் 7:53, 1 யோவான் 5:7. மாற்கின் கடைசிப் பன்னிரண்டு வசனங்களும், விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் நிகழ்ச்சியும் மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் இல்லை. பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்ற மூவரின் சாட்சி பற்றிய வாக்கியம் பழைய வேதாகமத்தில் உண்டு, திருவிவிலியத்தின் பாடத்தில் இல்லை. அதற்கும் கையெழுத்துப் படிகள்தான் காரணம். இவற்றை உரையாசிரியர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பது அவரவர் நம்பிக்கையைப் பொறுத்தது. ஆனால் அப்படி ஒரு பிரச்சினை இருப்பதையே வாய் திறக்காத உரை, படிப்புக்கு உதவாது, பிரசங்கத்துக்கு உதவலாம்.

ஒரு வருடத்தில் முழு விவிலியம் என்ற அட்டவணை நூல்கள் டிசம்பரில் நன்றாக விற்கும். 66 நூலில் 1,189 அதிகாரம். வாரநாளில் மூன்று, ஞாயிறு ஐந்து என்றால் வாரத்துக்கு 23; 52 வாரத்தில் 1,196, ஏழு அதிகாரம் கையிருப்பு. கணக்கு சரி, வரிசைதான் சரியில்லை. ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40 என்று ஜனவரி முடியும்போது லேவியராகமம் வந்து நிற்கும். பலியிடும் முறைகளும் தொழுநோய்ச் சட்டமும் தொடங்கியதும் பிப்ரவரியில் பெரும்பாலோர் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். பழைய ஏற்பாட்டில் இரண்டு, புதிய ஏற்பாட்டில் ஒன்று என்று கலந்து தரும் அட்டவணையைப் பரிந்துரையுங்கள். புதிதாகப் படிப்பவர் 16 அதிகாரமே உள்ள மாற்கிலிருந்து தொடங்கலாம். உரக்கப் படித்தாலும் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அடுத்து லூக்காவும் நடபடிகளும் சேர்த்து, ஏனென்றால் இரண்டும் ஒருவர் எழுதிய இரண்டு பாகம்.

குறிப்பெழுதப் பென்சிலே போதும். விவிலியத் தாள் மெல்லியது; ஜெல் பேனாவும் ஈர மார்க்கரும் மறுபக்கத்து வசனத்தையும் சேர்த்துக் கறையாக்கிவிடும்.

எந்த நூலானாலும் வாங்கிய அன்றே பக்க எண்களை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட வேண்டும். பெரும்பாலான நூல்கள் 16 பக்க ஃபாரங்களாக அச்சாகின்றன. கோக்கும்போது ஒன்று விட்டுப்போனால் 16 பக்கம் காணாமல் போகும், அல்லது அதே 16 பக்கம் இரண்டு முறை வரும். ரசீது இருந்தால் பதிப்பகங்கள் பொதுவாக மாற்றித் தருவார்கள். ஆறு மாதம் கழித்துக் கதையின் உச்சகட்டத்தில் கண்டுபிடித்தால் யார் தருவார்? சென்னைப் புத்தகக் காட்சியில் பத்து சதவீதத் தள்ளுபடிக்கு நெரிசலில் வாங்குகிறவர்களுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும்.

வாங்குவதற்கு முன் இரண்டு பதிப்பை ஒப்பிட விரும்புகிறவர்களுக்குச் சென்னை கன்னிமாரா நூலகம் இருக்கிறது. 1954-ன் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி நாட்டில் அச்சாகும் நூல்கள் அங்கே வந்து சேர வேண்டும். மாவட்ட, கிளை நூலகங்களில், நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் டூவி எண்படி அடுக்கியிருந்தால் கர்ப்பகால நூல்கள் 618.2, விவிலியம் 220, தமிழ் இலக்கியம் 894.811. 618.2 அடுக்கில் தாள் பழுத்த நூல் இருந்தால் எடுப்பதற்கு முன் மேலே சொன்ன தாய்ப்பால் பக்கத்தைத் திறந்து பாருங்கள். நான்கு மாதம் என்று இருந்தால் நூலகரிடம் சொல்லுங்கள், அதைக் கழித்துவிட்டுப் புதியது வாங்குவது அவர் வேலை. வீட்டுவரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

தங்கள் பகுதியில் சேர்க்கக் கேட்கும் அந்த வரி எப்படி இருக்கலாம் என்பதற்கு ஒரு மாதிரி: ‘சிவகாமியின் சபதம், கல்கி. நான்கு பாகமும் முழுமையாக உள்ள பதிப்பு, பதிப்பகம், அச்சான ஆண்டு, பக்கம், விலை, சுருக்கம் வேண்டாம்.’ கர்ப்பகால நூல் என்றால் ‘திருத்திய ஆண்டு’ என்று ஒரு சொல் கூடும். விவிலியத் துணை நூல் என்றால் ‘பழைய வேதாகமத்துக்கு’ அல்லது ‘திருவிவிலியத்துக்கு’. இடம் போதாவிட்டால் பாராட்டு வரிகளில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர்கள் இருவர்,
பாளையங்கோட்டை